பேரீச்சம்பழத்துக்குப் போன குழல்

கட்டிலுக்கு அடியில் ஒரு ட்ரங்குப் பெட்டி கிடக்கிறது. அம்மா கல்யாணமாகி வந்தபோது கூடவே வந்தது. பட்டுப்புடவை இருந்த பெட்டியில் இப்போது குழல்கள் இருக்கின்றன. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சாமான்களைத் திண்ணைக்கு எடுத்துப் போட்டபோது எண்ணிப் பார்த்தேன். 47. அதற்கப்புறம் ஒன்று சேர்ந்திருக்கிறது. பித்தளையில் சில, நிக்கல் பூசியவை சில, அலுமினியம், மூங்கில், மீதியெல்லாம் தகரம். ஒவ்வொன்றையும் கிழிந்த வேட்டித் துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். மூடியைத் தூக்கினால் பித்தளை வாடையும் தேன்மெழுகு வாடையும் சேர்ந்து முகத்தில் அடிக்கும்.

“ஊதறது ஒரு வாய்தானேங்க, இத்தன எதுக்கு?” என்று வீட்டில் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை.

48-ஆவது குழல் எங்கள் ஊர் வாரச்சந்தையில் வாங்கியது. கடத்தூர்ச் சந்தை என்றால் வெற்றிலைதான். வெயில் ஏறுவதற்குள் மூட்டைகள் இறங்கி, விலை பேசி, பாதி வண்டியேறிவிடும். ஈரச்சாக்கு நெடியும் வெற்றிலைக் காரமும் மூக்கில் நிற்கும். அந்த நெரிசலுக்குள் நீளக் கம்பின் உச்சியில் வைக்கோலைச் சுற்றிக் கட்டி, அது முழுக்கக் குழலாகச் செருகி, வாழைத்தார் மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு வந்தான் ஒரு பையன். மீசை இப்போதுதான் அரும்பியிருந்தது. எந்த ஊர் என்று கேட்டேன். பீலிபீத் என்றான். உத்தரப்பிரதேசத்தில், நேபாளத்தை ஒட்டிய பக்கம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் குழல் செய்கிற ஊர். அதற்கான மூங்கில் அசாமிலிருந்து வர வேண்டும். அசாமில் வெட்டின மூங்கில், பீலிபீத்தில் குழலாகி, ரயிலேறி, பொம்மிடியில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து எங்கள் சந்தைக்கு வந்திருக்கிறது.

அவன் ஊதினான். பழைய இந்திப் பாட்டு ஒன்று, பிறகு நம் பாட்டு ஒன்று. வெற்றிலைக் கட்டை எண்ணிக்கொண்டிருந்த பெண்கள் எண்ணிக்கையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். அவன் வாயில் வைத்திருந்த அதே குழலைக் கேட்டு வாங்கினேன். வேறு எடுத்துக் கொடுக்க வந்தான், மறுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து துடைத்துவிட்டு ஊதினால் அது வேறு குழல். மூங்கில் அதே மூங்கில். துளையும் அதே துளை. சந்தையில் பாடியது அவனுடைய மூச்சு, அது அவனோடு அடுத்த சந்தைக்குப் போய்விட்டது. 48 முறை இது எனக்கு நடந்திருக்கிறது. நடக்கும் என்று தெரிந்தே ஒவ்வொரு முறையும் மடியை அவிழ்த்திருக்கிறேன்.

ஏன் என்று யோசித்தால் யோசனை நேராகத் தீர்த்தமலைக்குப் போய் நிற்கிறது.

1977, மாசித் தேர். எனக்கு 9 வயது, அக்காவுக்கு 14. அரூர் போய் அங்கிருந்து தீர்த்தமலை பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். மலையேறி ராமர் தீர்த்தத்தில் தலையை நனைத்து இறங்கிய பிறகு, அடிவாரத்துக் கடைகளில் அப்பா ஆளுக்கு ஒரு சாமான் வாங்கித் தந்தார். நான் தகரக் கார் வாங்கினேன். அக்கா வளையல் வாங்குவாள் என்று எல்லோரும் நினைத்திருக்க, அவள் ஒரு தகரக் குழலைக் கையில் எடுத்தாள். எங்கள் பக்கம் அதற்குப் பேர் பீப்பிதான். வெளியே சிவப்பும் பச்சையும் கோடு போட்டிருந்தது. ஆறு துளை. வாய்ப்பக்கம் ஒரு மரத்துண்டு செருகியிருந்தது. டால்டா டப்பாவை வெட்டிச் சுருட்டிச் செய்தது. வெயிலுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் உள்ளே பார்த்தால் மஞ்சள் நிறமும், அதில் ஒரு மரத்தின் பச்சை ஓலை நுனியும் தெரியும். திரும்பி வரும் பஸ்ஸில் அதை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே வந்தோம். மீதி மரம் எந்தக் குழலுக்குள் இருக்கும் என்று அக்கா கேட்டாள்.

தகரத்தைச் சுருட்டிக் குழலாக்கும் வேலையின் பூர்வீகம் ரொம்பப் பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. இங்கிலாந்தில் சஃபோக் சீமையில் கோனி வெஸ்டன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே பண்ணை வேலை பார்த்த ராபர்ட் கிளார்க்கிடம் மரத்தில் செய்த குழல் ஒன்று இருந்தது. தகரத் தகடு அப்போது புதுச்சரக்கு. அதே குழலைத் தகட்டில் செய்து பார்த்தார், சரியாக வந்துவிட்டது. 1843-இல் தகட்டையும் கருவிகளையும் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, வழியில் வந்த சந்தைகளில் செய்து விற்றுக்கொண்டே மான்செஸ்டர் வரைக்கும் நடந்தார் என்பார்கள். கிளார்க் பெயரில் அந்தக் குழல் இன்றைக்கும் வருகிறது: கறுப்புத் தகரம், தங்க நிறத்தில் வைரக்கட்டம், வாயில் மரக்கட்டை. என் பெட்டியில் மூன்று இருக்கின்றன. முதல்முறை அதைப் பிரித்தபோது தீர்த்தமலை அடிவாரம்தான் நினைவுக்கு வந்தது. சுருட்டல் ஒன்று, மரத்துண்டு ஒன்று, முதுகில் ஓடும் மடிப்பும் ஒன்று.

அக்காவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வீட்டுக்கு வந்த நாலாம் நாள் அவள் விரலில் பாட்டு வந்துவிட்டது. அன்னக்கிளி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. டீக்கடை ரேடியோவில் இலங்கை வானொலி வைத்தால் அதுதான். அந்தப் படத்தில் ஜானகியம்மா ஹம்மிங்கோடு ஆரம்பிப்பாரே ஒரு பாட்டு, அந்த ஹம்மிங்கை மட்டும் அக்கா பிடித்துவிட்டாள். பாட்டுக்குள் போகமாட்டாள். ஹம்மிங் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

எங்கள் கொடிக்காலில் வைத்துத்தான் ஊதுவாள். அகத்தி வரிசை வரிசையாக நிற்கும், அதைப் பற்றிக்கொண்டு கொடி ஏறியிருக்கும். உள்ளே நுழைந்தால் மத்தியானத்திலும் குளிர்ச்சிதான். வெற்றிலை கிள்ளிக்கொண்டிருப்பவள் திடீரென்று இடுப்பிலிருந்து குழலை எடுப்பாள். தகரத்தின் விளிம்பு சரியாக மழுங்காததால் நடு உதட்டில் வைத்தால் கீறிவிடும். அதனால் வாயின் ஓரத்தில், கன்னத்துக்குள் கொஞ்சம் நுழைத்துச் சாய்த்துப் பிடித்து ஊதுவாள். சத்தம் கொஞ்சம் புகைந்து, காற்றோடு கலந்து, அகலமாக வரும். ‘உஸ்’ என்று ஒரு இரைச்சல் பாட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டேயிருக்கும், வாய்க்காலில் தண்ணீர் பாய்கிற மாதிரி.

தென்னாப்பிரிக்காவில் 1950-களில் கறுப்பின இளைஞர்கள் ஜோகன்னஸ்பர்க் தெருவோரங்களில் இதே சின்னக் குழலை வைத்துக்கொண்டு க்வேலா என்ற இசையையே உண்டாக்கினார்கள். ஸ்போக்ஸ் மஷியானே என்பவர் அதில் பெரிய பேர். அவர்களும் குழலைத் திருகி, வாய் ஓரத்தில் ஆழமாக நுழைத்துத்தான் ஊதினார்கள். சத்தம் தடிப்பாக வருவதற்காக அப்படி ஒரு பிடி. செல்போனில் அந்த வாசிப்பை முதலில் கேட்டபோது எழுந்து வெளியே போய்விட்டேன். எங்கள் கொடிக்காலில் கேட்ட சத்தம் அது.

ஆயா ஒருநாள் கேட்டுவிட்டது. வயசுக்கு வந்த பிள்ளை சீட்டி அடிக்கிறதும் பீப்பி ஊதுகிறதும் குடும்பத்துக்கு ஆகுமா என்று வாசலில் நின்று சத்தம் போட்டது. ராத்திரியில் ஊதினால் பாம்பு வரும் என்பதும் சேர்ந்துகொண்டது. கொடிக்காலில் பாம்பு எப்போதும் உண்டு, ஆனால் பழி குழலுக்குப் போனது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வாய் நிறைய வெற்றிலை. தலையை மட்டும் ஆட்டினார். ஆயா அக்கா கையிலிருந்து குழலைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தது. “நீ ஊதுடா, நீ ஆம்பளப் புள்ள.”

எனக்கு ஊத வரவில்லை. ஊதினால் கீச்சென்று கத்தும், இல்லையென்றால் வெறும் காற்று. அக்கா தூரத்திலிருந்து விரலைக் காட்டுவாள். மேலே இரண்டு மூடு, மெதுவா ஊது, மெதுவா. மெதுவாக ஊத அந்த வயதில் முடியவில்லை.

பரணில் கிடந்து அது துருப்பிடித்தது. அடுத்த வருஷம் தெருவில் பேரீச்சம்பழக்காரர் வந்தார். பழைய இரும்பு, ஈயம், தகரம் எது போட்டாலும் பேரீச்சம்பழம். நான் அதைக் கொண்டுபோய்ப் போட்டேன். தராசில் வைக்கக்கூட இல்லை, கையில் எடையை நிதானித்துவிட்டுக் கோணிக்குள் எறிந்தார். காகிதத்தில் பிசுபிசுவென்று ஒரு பிடி பழம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் பாதி கொடுத்தேன். எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அப்புறம் இருபது வருஷம் குழல் என்ற நினைப்பே இல்லை. அக்காவைப் பொம்மிடியில் கொடுத்தோம். ஆயா போனது. அப்பாவுக்குப் பிறகு கொடிக்காலும் வியாபாரமும் என் தலையில் விழுந்தன. வெற்றிலை லோடோடு பெங்களூரு போய்வர ஆரம்பித்தேன். 1998-இல் ஒருநாள் கே.ஆர். மார்க்கெட்டில் சரக்கை இறக்கிவிட்டுத் தெருவில் நடக்கும்போது, ஒரு கேசட் கடையில் டைட்டானிக் பாட்டு. முந்தின வருஷம் வந்த படம், ஊரெல்லாம் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டு ஒரு குழலில் தொடங்கும். என் கால் நின்றுவிட்டது. பாட்டு வேறு, நாடு வேறு, ஆனால் மூச்சுக்கு அடியில் அந்தக் காற்று இருந்தது. கடைக்காரரைத் திரும்பப் போடச் சொல்லி மூன்று முறை கேட்டேன். பக்கத்துத் தெருவில் வாத்தியக் கடை வைத்திருந்த பெரியவர்தான், இது அயர்லாந்துப் பக்கம் வாசிக்கிற தகர விசில் என்றார். கண்ணாடி அலமாரியில் ஒன்று இருந்தது. பித்தளை உடம்பு, சிவப்புப் பிளாஸ்டிக் வாய். அன்றைய லாபத்தில் பாதி அதற்குப் போனது.

அன்றையிலிருந்து வெற்றிலை போடுவதை நிறுத்தினேன். வெற்றிலைக்காரன் வெற்றிலை போடாமல் இருப்பதைச் சந்தையில் பேசினார்கள். வேறு வழி இல்லை. வெற்றிலை போட்ட வாயில் எச்சில் ஊறும், பாக்குத் துணுக்கு நிற்கும். ஊதுகாற்று போகும் வழி ஒரு காசின் கனம்கூட இல்லாத சந்து. அதில் ஒரு துணுக்கு சிக்கினால் குழல் ஊமை.

அந்தப் பித்தளைக் குழலில் ‘டி’ என்று பொறித்திருந்தது. நம் கணக்கில் இரண்டு கட்டை. முதல் இரண்டு துளையை மூடி ஷட்ஜம் பிடிக்கும் கர்நாடக முறையில் ஊதினால் அதே குழல் ஆறு கட்டை ஆகிவிடும். ஐந்து கட்டையில் பாட வேண்டுமென்றால் வேறு நீளத்தில் வேறு குழல் வேண்டும். வீணையை முறுக்கிச் சுருதி ஏற்றலாம், குழலை முறுக்க முடியாது. அதனால்தான் புல்லாங்குழல் வித்வான்கள் பை நிறையக் குழலோடு மேடையேறுகிறார்கள், கட்டைக்கு ஒன்று. இது எனக்குக் கிடைத்த முதல் சாக்கு. சுருதிக்கு ஒன்று வாங்கினேன். பிறகு, சித்திரை வெயிலில் காற்று சூடாகிச் சுருதி ஏறிவிடுகிறது, மார்கழியில் இறங்கிவிடுகிறது என்று கண்டுகொண்டேன். காலத்துக்கு ஒன்று வாங்கினேன். பித்தளைக்குக் குரல் ஒரு மாதிரி, தகரத்துக்கு ஒரு மாதிரி என்று தோன்றியது. உலோகத்துக்கு ஒன்று வாங்கினேன். சாக்கு தீரவேயில்லை.

மாலி என்று சொல்லப்படும் டி.ஆர். மகாலிங்கம், திருவிடைமருதூர்க்காரர், 1933-இல் மயிலாப்பூர் தியாகராஜர் விழாவில் முதல் கச்சேரி செய்தபோது வயது ஏழு. அவர் ஒலிநாடாவை எத்தனை ராத்திரி கேட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை. ஒரு குழலுக்குள் மனிதத் தொண்டையை வைத்த மாதிரி இருக்கும். அதைக் கேட்டுவிட்டு மறுநாள் புதுக்குழல் தேடிப் போவேன். மாலியின் மூச்சு கடையில் விற்காது என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் போவேன்.

செய்தும் பார்த்தேன். சித்தேரி மலைப்பக்கம் ஆடு மேய்க்கிறவர் ஒருவரிடம் முற்றின மூங்கில் வாங்கி, நிழலில் ஒரு வருஷம் காயவைத்து, கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் துளை போட்டேன். பெரும்பாணாற்றுப்படையில் இடையன் ஒருவன் தீக்கடைகோலின் நெருப்பால் துளையிட்டுத்தான் குழல் செய்கிறான். இரண்டாயிரம் வருஷமாக வேலை மாறவில்லை. கம்பி உள்ளே இறங்கும்போது புகை வரும், மூங்கில் சாறு கருகின தித்திப்பு வாடை. முதல் நாலு துளை நன்றாக வந்தது. ஐந்தாவதில் கம்பி கொஞ்சம் ஆறிப்போயிருந்தது. அழுத்தினேன், நெடுக வெடித்துவிட்டது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் குழலுக்கு ஐந்து பொருள் சொல்கிறார்: மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி. மூங்கில் உத்தமம், வெண்கலம் மத்திமம், மற்றதெல்லாம் அதமம். தகரத்துக்கு அவர் பட்டியலில் இடமில்லை. அவர் எங்கள் கொடிக்காலில் ஒரு மத்தியானம் நின்றிருந்தால் ஆறாவதாக எழுதியிருப்பார் என்று மனசார நம்புகிறேன்.

அமெரிக்காவில் டேட்டன் மில்லர் என்று ஓர் இயற்பியல் பேராசிரியர். ஒலியை ஆராய்ந்தவர், தன் கையாலேயே தங்கத்தில் ஒரு குழல் செய்துகொண்டவர். 1941-இல் அவர் இறந்தபோது சேர்த்து வைத்திருந்த சுமார் 1,700 குழல்கள் வாஷிங்டனில் நாடாளுமன்ற நூலகத்துக்குப் போயின. படத்தில் பார்த்தேன், அலமாரி அலமாரியாக இருக்கின்றன. தங்கத்தில் செய்த பிறகும் வாங்குவதை அவர் நிறுத்தவில்லை. அந்த மனிதரைப் பற்றிப் படித்த ராத்திரி எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

மலிவான குழல்களின் பிளாஸ்டிக் வாய்க்கு உள்ளே, காற்றுச் சந்துக்கு அடியில், ஒரு பள்ளம் இருக்கும். அதை மெழுகால் நிரப்பிவிட்டால் குரல் சுத்தமாகும் என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். சித்தேரித் தேன்மெழுகைச் சூடு காட்டி உருட்டி, தீக்குச்சியால் உள்ளே தள்ளி, நகத்தால் சமப்படுத்தினேன். உண்மைதான். இரைச்சல் போய்விட்டது. ஸ்வரம் மணி மாதிரி நின்றது. அரைமணி நேரம் ஊதினேன். அதற்குமேல் முடியவில்லை. ஊக்கை எடுத்து விளக்குப் பக்கம் உட்கார்ந்து, வைத்த மெழுகையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நோண்டி வெளியே எடுத்தேன். ‘உஸ்’ திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டரை.

வீடு தூங்கும் நேரத்தில் ஊதுவதில்லை. விரலை மட்டும் தட்டிப் பழகுவேன். அப்போதுதான் அதைக் கவனித்தேன். ஊதாமலே துளைகளை விரல் நுனியால் சட்டென்று மூடினால் குழல் ‘டொப்’ என்று ஒரு சின்னச் சத்தம் தரும். அந்தச் சத்தத்துக்கும் ஸ்வரம் உண்டு. மேல் துளைக்கு மேல் ஸ்வரம், கீழ்த் துளைக்குக் கீழ் ஸ்வரம். காதைக் கிட்டத்தில் வைத்தால் பாட்டே கேட்கும்.

போன மாதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பொம்மிடிக்குப் போனேன். அக்காவுக்கு இப்போது 62. வாசலில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். எங்கள் கொடிக்கால் வெற்றிலைதான், வாராவாரம் நான் கொடுத்தனுப்புவது. கட்டைவிரல் நகம் இன்னும் அப்படியே கூராக இருந்தது. பெட்டியைத் திறந்து துணியையெல்லாம் பிரித்து வைத்தேன். ஒன்றும் பேசாமல் பார்த்தாள்.

“அக்கா, அந்தத் தேர்ல வாங்கின பீப்பிய...”

“பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்ட. அன்னைக்கே தெரியும்டா தம்பி. பரண்ல நான் தினமும் பாப்பேன்.”

தெரிந்தேதான் அந்தப் பழத்தைத் தின்றிருக்கிறாள். எனக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

பித்தளையெல்லாவற்றையும் கையால் ஒதுக்கினாள். நிக்கலை ஒதுக்கினாள். சந்தையில் வாங்கின மூங்கிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்தாள். கறுப்புத் தகரத்தில் ஒன்றை எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

“இதுல ஓலை இல்லியேடா.”

“இல்லக்கா. ஊதிப் பாரு.”

“வாயில வெத்தல இருக்குது.”

துப்பிவிட்டு வருவாள் என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை. குழலை மடியில் சாய்த்து வைத்தாள். பிடிப்பு நேராக இல்லை, ஓரமாகத் திருகின பிடி. விரல்கள் துளைமேல் போய் உட்கார்ந்தன. தெருவில் சத்தமில்லை, அடுத்த ரயிலுக்கு நேரமிருந்தது. மேலே இரண்டு விரல் மூடின. ஒன்று எழுந்தது. டொப், டொப் என்று தகரம் அவள் மடியில் பேச, நான் தலையைக் குனிந்து காதைக் கிட்டத்தில் கொண்டுபோனேன். ஹம்மிங் முடிகிற இடம் வந்தது. பாட்டுக்குள் போகாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.